ஒத்தை மாட்டுக்காரரின் சாமி

பொங்கல் பானையில் நுரை கட்டிப் பால் விளிம்பைத் தொடப் போகிற நேரம். குலவை போடுவதற்கு நாக்கைத் தயாராக வைத்துக்கொண்டு பானைக்கு மேலே குனிந்து நின்றேன். அப்போது கோயில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர்களைப் பார்த்ததும் குலவையை முந்திக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. எங்கள் பேத்திக்குப் பூ வைத்துவிட்டுப் போயிருந்த மாப்பிள்ளை வீட்டார்! மாப்பிள்ளை, அவன் அம்மா, தகப்பன் இல்லாத அந்தப் பிள்ளையை வளர்த்த பெரியப்பா, கூடவே ஒரு கூட்டம்.

"ஏட்டி, ஒன் மாமியா வந்திருக்காவ பாரு. நாம இங்கன இருக்கது எப்படித்தான் தெரிஞ்சுதோ!" என்று பேத்தியின் இடுப்பில் இடித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது.

"ஆச்சி, அவிய கையில இருக்கதைப் பாருங்க."

பச்சரிசி, வெல்லம், பானை, படைக்கிற இலைக்கட்டு. சம்பந்தியைப் பார்க்க வருகிறவர்கள் பானையோடு வருவதில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்து நெருப்பு சீறியது. எங்களில் ஒருவர்கூடக் குலவை போடவில்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நான் ஒரு மாதிரி சொன்னால் அவள் பாடப்புத்தகம் மாதிரி திருத்தி எழுதுவாள், அது அவள் படிப்புக்கு அழகு. ஆனால் ஆட்கள் பேசிக்கொண்டதை மட்டும் பேசினபடியே எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். இல்லையென்றால் என் நாத்தனார் பேசியதெல்லாம் பிரசங்கம் மாதிரி ஆகிவிடும். நாத்தனார் பின்னால் வருவாள்.

பங்குனி உத்திரத்தன்று அது. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போய்விட வேண்டும். சென்னையில் கடை வைத்திருப்பவன், திருப்பூருக்குப் போனவன், எவனாக இருந்தாலும் வந்து சேர்ந்துவிடுவான். தகப்பன் வழியில் யார் யாருக்கு ஒரே கோயிலோ அவர்கள் எல்லாரும் பங்காளிகள். முன்னே பின்னே முகம் பார்த்திருக்காவிட்டாலும் அண்ணன் தம்பிதான். அவர்களுக்குள் பெண் கொடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. கொடுத்தால் அண்ணனுக்குத் தங்கச்சியைக் கட்டி வைத்த கதை.

அதனால்தான் பெண் பார்க்க வந்தால் முதல் கேள்வியே சாமியைப் பற்றித்தான் இருக்கும். கேட்கத்தான் செய்தார்கள். என் மகன், "எங்களுக்குப் பேச்சியம்மன்" என்றான். பெரியப்பா, "எங்களுக்குத் தளவாய் மாடன்" என்றார். வேறு வேறு சாமி என்று இரண்டு வீட்டாரும் நிம்மதியாக மூச்சு விட்டோம். எந்த ஊர்க் கோயில் என்று அடுத்த கேள்வி வர வேண்டிய இடத்தில் தரகர் காராச்சேவுத் தட்டை நீட்டினார். அவ்வளவுதான், பேச்சு சாத்தூர்ச் சேவுக்கும் கோவில்பட்டிச் சேவுக்கும் போய்விட்டது. ஒரே மதிலுக்குள் நடுவில் சாஸ்தா இருப்பார், அவருக்கு வலது பக்கம் பேச்சி, வாசலில் காவலுக்கு மாடன் என்று இருவருமே நினைத்துப் பார்க்கவில்லை. நாங்கள் எப்போதும் சாயங்காலம் போவோம், அவர்கள் காலையில் வந்து போய்விடுவார்கள். அந்த வருடம் வேன்காரனுக்கு மாலையில் வேறு சவாரி இருந்ததால் நாங்கள் முந்திப் போய்விட்டோம்.

பெரியப்பா நேரே எங்கள் அடுப்புக்கு வந்தார். வெள்ளை மீசை, மடிப்புக் கலையாத வேட்டி. பம்பாயில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்தவர். ஊரை விட்டுப் போனவர்களுக்குத்தான் ஊர் வழக்கத்தின் மேல் கூடுதல் பிடிப்பு.

"நீங்க இங்கன என்ன செய்யுதீங்க?"

"பொங்க வைக்கோம் அண்ணாச்சி," என்றான் என் மகன். "எங்க கோயில்லா இது."

"இது எங்க கோயிலு."

"எங்களுக்குப் பேச்சியம்மன்லா..."

"பேச்சியா இருந்தா என்ன, மாடனா இருந்தா என்ன? நடுவுல இருக்க சாஸ்தா ஒண்ணுல்லாய்யா!"

மாப்பிள்ளை எங்கள் பேத்தியை ஒரு தடவை பார்த்தான். பிறகு மதில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைக்கிற யூனிட் வைத்திருக்கிற பையன், சாதுவான பிள்ளை. அந்தச் சுவரில் என்ன இருந்ததோ, கடைசி வரைக்கும் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அத்தான், கோயில்ல வச்சு சத்தம் வேண்டாம்," என்றாள் அவன் அம்மா.

பெரியப்பா குரலைத் தணித்தார். தணித்த குரல்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"சித்திரை பொறக்கதுக்குள்ள ஒங்க பூட்டன் யாரு, எங்க உள்ளவரு, இந்தக் கோயிலுக்கு எப்படி வந்தாருன்னு கேட்டு வந்து சொல்லுங்க. பங்காளி இல்லைன்னா வைகாசியில கல்யாணம். பங்காளின்னா எங்க பையன் ஒங்க பொண்ணுக்கு அண்ணன். அண்ணன் செய்யிற சீரை ஒரு குறையும் இல்லாம செஞ்சிருதோம். வேற மாப்பிள்ளை பாத்துக்கிடுங்க."

அந்தப் பொங்கலை என்ன செய்தோம் என்று எனக்கு நினைவில்லை. தின்ற நினைவு இல்லை.

பேத்தி கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். தீப்பெட்டி செய்கிற கம்பெனியை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். வீட்டுக்கு ஒரு செல்போன் வரத் தொடங்கிய காலம் அது. பூ வைத்த பிறகு மாப்பிள்ளை அவளோடு தினமும் பேசுவான். நான் பக்கத்தில் போனால் "ம்" என்பாள், தள்ளிப் போனால் சிரிப்பாள். எனக்கும் அது பிடிக்கும் என்பதால் சும்மா சும்மா பக்கத்தில் போவேன். உத்திரம் கழிந்த மறுநாள் அவள் அந்தப் போனைக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டாள். பானைக்குள் அது அடிக்கும். அரிசிக்குள் இருந்து யாரோ முனகுகிற மாதிரி இருக்கும். அடித்து அடித்து நிற்கும். ராத்திரி சார்ஜ் போட மட்டும் வெளியே எடுப்பாள்.

"எடுத்துப் பேசேன்ட்டி. பாவம்லா."

"எடுத்து என்னன்னு கூப்பிட, ஆச்சி?"



எங்கள் பூட்டனாரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஊரில் எங்கள் வீட்டுக்கு 'ஒத்தை மாட்டுக்காரர் வீடு' என்று பெயர். ஒரு பஞ்ச காலத்தில் எங்கிருந்தோ ஒரே ஒரு உழவு மாட்டோடு இந்தக் கரிசலுக்கு வந்தவர் அவர். எங்கிருந்து, யாருடைய மகன், ஏன் ஒற்றை மாடு, எதுவும் தெரியாது. என் வீட்டுக்காரர் இருந்தபோது கேட்டிருக்கலாம். அவரிடம் பூட்டனாரைப் பற்றிக் கேட்டால் மாட்டைப் பற்றிச் சொல்லுவார். மாடு செவலை, கொம்பு பின்னால் வளைந்திருக்கும், வெடித்த கரிசலில் கால் மாட்டாமல் நடக்கும் என்று நேரில் பார்த்தவர் போலச் சொல்லுவார். மாட்டுக்காரரைப் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியாது.

என் மகன் பழைய நிலக் காகிதங்களைப் பார்க்கப் போனான். தாத்தா பெயர் வரைக்கும்தான் இருந்தது. அதற்கு முந்தி வெறும் நிலமாகத்தான் இருந்தது. சாயங்காலம் வந்து வாசல்படியில் உட்கார்ந்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"அத்தையைத்தான் போயிப் பாக்கணும் போல."

அத்தை என்றால் அவனுடைய அப்பாவின் அக்கா, என் நாத்தனார். புதூர் பக்கம் ஆட்டுக்கிடை போட்டுக்கொண்டு இருந்தாள். அந்த வயதிலும் காது கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. அவளை யாரும் பேத்திக்குப் பூ வைக்கக் கூப்பிடவில்லை. "அத்தை வந்தா சம்பந்திக்காரவியளை எதாவது கேட்டுருவா" என்று மகன்தான் வேண்டாம் என்றவன். இப்போது அவனே போகலாம் என்கிறான்!

மினி பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து அவள் வீட்டுக்கு நடக்க வேண்டும். முந்தின நாள் கோடை மழை பெய்திருந்தது. கரிசலில் மழை பெய்தால் செருப்போடு நடக்க முடியாது. ஒவ்வொரு அடிக்கும் மண் அப்பிக்கொண்டு கால் கனத்துக்கொண்டே போகும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டோம். காலில் ஆளுக்கொரு மண்ணுருண்டை. எந்த மூஞ்சியோடு அவள் முன்னால் போய் நிற்பது என்று இருந்த எனக்கு, காலும் சேர்ந்து பின்னால் இழுத்தது.

நாத்தனார் ஒரு குட்டியை மடியில் போட்டு உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாரு அது, வெயிலை மறைச்சுக்கிட்டு?"

"நாந்தான் மயினி."

"எந்த நான்? என் தம்பி போனதோட அந்த வீட்டு நானெல்லாம் போயிட்டே."

"அத்தை, நான் வந்திருக்கேன்," என்றான் என் மகன்.

"தொரையும் வந்திருக்காவளா! பூ வச்சாச்சாமே. பந்தல் என்ன, ரேடியோ என்னன்னு பஸ்ஸுல வாரவ எல்லாம் சொல்லுதா. ஆட்டுக்காரியைக் கூப்பிட்டா புழுக்கையோட வந்து நிப்பான்னு விட்டுட்டீகளோ?"

மகன் அவள் மடியில் கிடந்த குட்டியைப் பார்த்தான். குட்டியும் அவனைப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் சிரித்திருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும், உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

விஷயத்தைச் சொன்னோம். ஒரே சாஸ்தா, அவர்களுக்கு மாடன், நமக்குப் பேச்சி, பங்காளி என்கிறார்கள், சித்திரை பிறப்பதற்குள் பதில் வேண்டும். கேட்டுக்கொண்டே வந்தவள் குட்டியை இறக்கிவிட்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கி, இருமி, வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "பங்காளியாம்லா, பங்காளி!" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் குந்திவிட்டேன். "இல்லையா மயினி? ஆமாவா?"

"சொல்ல மாட்டேன்."

"மயினி!"

"இங்கன வச்சு சொன்னா வாயைத் தொடைச்சுக்கிட்டு பஸ் ஏறிருவீங்க. அங்கன கூட்டத்துல என்னை எவன் கொண்டுபோயி உக்கார வைப்பான்? வண்டி வையுங்க. முன் சீட்டுல உக்காந்து வாரேன். பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. நான் இன்னும் அவளைக் கண்ணால பாக்கல."

"நல்ல சேதியா, கெட்ட சேதியான்னாவது சொல்லுங்க அத்தை. வீட்டுல பிள்ளை சோறு திங்க மாட்டேங்கா."

"என்னைக் கூப்பிட்டிருந்தா பூ வச்ச அன்னைக்கே சொல்லியிருப்பேன்லா. இப்பம் கிடந்து வேகுங்க."

வெந்தோம். வேறு என்ன செய்ய? மகனுக்குக் கோபம், அவள் சும்மா பேச்சுக்குச் சொல்கிறாள், ஒன்றும் தெரியாது என்றான். எனக்கு அவளைத் தெரியும். தெரியாத விஷயமாக இருந்தால் அதையும் தெரிந்த மாதிரி அங்கேயே சொல்லியிருப்பாள். சொல்லவில்லை என்றால் தெரியும். ஆனால் என்ன தெரியும்? அவள் சிரித்த சிரிப்பை நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஒரு நேரம் நல்லதாகத் தோன்றும். உலையில் அரிசி போடப் பானையைத் திறக்கும்போது அந்தப் போன் அடித்தால் மறுபடி கெட்டதாகத் தோன்றும்.

பங்குனி முடியப் போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூடுவதாக ஏற்பாடு. நாத்தனார் கேட்ட மாதிரி முன் சீட்டு. வேனில் ஏறும்போது பேத்தியை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தாள். "என் தம்பி மூக்கு. நல்லவேளை, ஆச்சி மூக்கு வரல" என்று எனக்கும் ஒரு குத்து விட்டாள். பிறகு கடலை மிட்டாயை ஈறில் ஒதுக்கிக்கொண்டு வழி நெடுகச் சப்பிக்கொண்டே வந்தாள். வேன்காரனிடம் ஆட்டுக்கு வருகிற கோமாரியைப் பற்றிப் பேசினாள். எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை. பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். 

கோயில் வேம்பின் கீழ் சமுக்காளம் விரித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பங்காளிகளில் மூத்தவர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் கொடையில் கறிப்பங்கு வைக்கிற பெரியவர் ஒருவர். கொடை என்றால் சாமிக்குக் கிடாய் வெட்டுகிற திருவிழா. பங்காளிகளுக்குள் யாருக்கு முதல் மாலை என்று சண்டை வந்து அந்தக் கொடை நின்று வெகுகாலம் ஆகியிருந்தது, அதனால்தான் இரண்டு வீட்டாருக்கும் முகப் பழக்கம் இல்லாமல் போயிருந்தது. பெரியவருக்கும் வேலை இல்லாமல் போய் வேம்பில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தார். பெரியப்பா நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் பம்பாயில் இருந்த வருடங்களில்தான் கொடை நடந்து கொண்டிருந்தது, அவர் திரும்பி வந்தபோது நின்றுவிட்டது.

"சொல்லுங்க. யாரு சொல்லப் போறது?"

நாத்தனார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எங்க பூட்டன் ரெண்டு மாட்டோடதான் பொறப்பட்டு வந்தாரு. தெக்க இருந்து வந்தாரு, எந்த ஊருன்னு அவரும் சொல்லல. பஞ்சத்துல ஊரை விட்டு வாரவன் ஊர்ப் பேரைச் சொல்லிக்கிட்டா வருவான்? இந்தா இந்த ஓடைக்கரையில ஒரு மாடு விழுந்து செத்துட்டு. அதைப் பொதைச்சுட்டு, உசுரோட இருந்த மாட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்திருக்காரு. அன்னைக்கு இந்தக் கோயில் பங்காளி, ஒங்க வீட்டுப் பெரியவரு ஒருத்தர்கிட்ட ஒத்தை மாடு நின்னிருக்கு. அவரு மாடும் இவரு மாடும் சேந்து ஒரே ஏருல பூட்டி ரெண்டு பேரு நிலத்தையும் உழுதாவ. விளைஞ்சுது. அந்தப் பங்காளி தன் தங்கச்சியை எங்க பூட்டனுக்குக் கட்டிக் குடுத்தாரு. திரும்பிப் போக வழியில்லாதவருக்குச் சாமி ஏது? பொண்டாட்டி பொறந்த வீட்டுக் கோயில்ல அவ கும்பிட்ட பேச்சியை அவரும் கும்பிட்டாரு. அவரு பிள்ளைங்க நாங்களும் கும்பிடுதோம். நாங்க இந்தக் கோயிலுக்கு மருமகன் வீடு. பங்காளி இல்ல."

 இவ்வளவு நல்ல சேதியை வாயில் கடலை மிட்டாயோடு அடக்கிக்கொண்டு வந்தாளே, பாவி! என் மகன் எழுந்தே நின்றுவிட்டான்.

பெரியப்பா அசையவில்லை.

"பொண்ணு வீட்டுக்காரி வாயில இருந்து வேற எப்படி வரும்? நல்லாத்தான் இருக்கு கதை. இதுக்கு யாரு சாட்சி?"

"சாட்சி எல்லாம் செத்துப் போயி எம்புட்டோ காலம் ஆச்சு. நீ வேணும்னா போயிக் கேட்டுட்டு வா."

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பக்கம் யாரோ சிரித்துவிட்டார்கள். பெரியப்பாவின் முகம் சிவந்தது. மேல்துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நாளைக்கு ஊரு எங்களை என்ன சொல்லும்? கூடப்பொறந்தவளைக் கட்டி வச்சான்னு சொல்லும். ஒரு கெழவி பேச்சை நம்பி நான் அந்தப் பேரை வாங்க மாட்டேன். எந்திரிங்க, போலாம்."

அவர் எழுந்தார். அவரோடு சிலர் எழுந்தார்கள். மாப்பிள்ளை எழுவதா உட்காருவதா என்று பாதியில் நின்றான். என் பேத்தி என் கையை விட்டுவிட்டாள். அந்தக் கை விட்டதுதான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

"இருங்கப்பா," என்று வேம்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. கறிப்பங்கு வைக்கிற பெரியவர். கண்ணைத் திறக்காமலே பேசினார். என்னைத்தான் கேட்டார். "ஏம்மா, கொடைக்கு நீங்க வருவீங்களா?"

"வராம? கல்யாணம் ஆகி வந்த வருசத்துல இருந்து, கொடை நிக்கிற வரைக்கும் வந்தேனே."

"கெடா வெட்டுன பொறவு என்னத்தைக் கொண்டுட்டுப் போவீங்க வீட்டுக்கு?"

அந்தக் கேள்வி எனக்குள் எங்கே போய்த் தொட்டது தெரியுமா? இத்தனை காலம் அடக்கி வைத்திருந்த ஆங்காரம் எல்லாம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கல்யாணப் பேச்சு, சம்பந்தி மரியாதை எல்லாம் மறந்துபோனது.

"என்னத்தைக் கொண்டுட்டுப் போவோம்? வெறுங்கையைத்தான்! எல்லா வீட்டுக்கும் கறியைக் கூறு போட்டு ஓலைப் பெட்டியில வச்சு, கொண்டு போ, கொண்டு போன்னு குடுப்பீக. எங்க வீட்டுக்காரரு நிப்பாரு, அவருக்கு ஒரு எலும்புகூட விழாது. ஆனா சோத்துக்கு மட்டும் மொத எலை அவருக்குத்தான். ஈரலை வறுத்து வைக்கது என்ன, கையில தண்ணி ஊத்துதது என்ன! எல்லாரும் எடுத்துட்டுப் போவாவ, நாங்க தின்னுட்டுப் போவோம். எங்களை என்ன பரதேசின்னா நெனைச்சீக? ஒரு வருசம் அவரு கோவத்துல எலையை விட்டே எந்திரிச்சிட்டாரு. நாலு பேரு வந்து காலைப் பிடிக்காத குறையா உக்கார வச்சாவ. ஆனா அப்பவும் கறி குடுக்கல!"

 ஐயோ, கெடுத்துவிட்டேனே என்று நினைத்தேன். மகன் பல்லைக் கடித்துக்கொண்டு என் சேலையை இழுத்தான்.

பெரியவர் கண்ணைத் திறந்தார். பல்லில்லாத வாய் முழுக்கச் சிரிப்பு.

"எம்மா, மருமகன் வீட்டுக்கு எவனாவது பச்சைக் கறியைக் கூறு போட்டுக் குடுப்பானா? கூறு பங்காளிக்குல்லா. மருமகனுக்கு ஆக்கித்தான் போடணும். மொத எலை போட்டு, கையில தண்ணி ஊத்தி." பெரியப்பாவின் பக்கம் திரும்பினார். "என் அப்பன் கையால அந்த வீட்டுக்கு மொத எலை போட்டதை நான் பாத்திருக்கேன். எதுக்குன்னு கேக்கல. போடச் சொன்னாரு, போட்டோம். நீ பம்பாய்ல இருந்த. ஒனக்கு எங்க தெரியும்?"

மரியாதை செய்கிறார்கள் என்று தெரியாமல் வருடா வருடம் வயிறெரிந்து பஸ் ஏறியிருக்கிறோம் நானும் என் வீட்டுக்காரரும்! ஈரல் வறுவலை வாயில் வைத்துக்கொண்டே அவமானப்பட்ட ஆட்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். நாத்தனாரைப் பார்த்தேன். "பொறந்த வீட்டுல எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தாவ. மாட்டைத் தவிர வேற எதையும் கேட்டுக்க என் தம்பிக்கு எங்க காது இருந்துது?" என்றாள்.

பெரியப்பா உட்கார்ந்தார். ஆனாலும் விடவில்லை.

"சரி, பங்காளி இல்ல. மாமன் மச்சான் வழின்னே வச்சுக்கிடுவோம். தலைமுறை சரியா வரணும்லா?"

அதுவும் நியாயம்தான். பையனுக்குப் பெண் ஒரு தலைமுறை மூத்தவளாக நின்றால் சித்தி முறையாகிவிடும், அப்போதும் கல்யாணம் இல்லை. பெரியவர் உதிர்ந்து கிடந்த வேப்பங்கொட்டைகளைப் பொறுக்கினார். மேலே, தங்கச்சியைக் கட்டிக் கொடுத்த அந்த அண்ணனுக்கு ஒரு கொட்டை, பக்கத்தில் தங்கச்சிக்கு ஒரு கொட்டை. அண்ணன் வரிசை மாப்பிள்ளை வீடு, தங்கச்சி வரிசை எங்கள் வீடு. எங்கள் வரிசைக்கு நாத்தனார் பெயர் சொல்லச் சொல்ல அவர் கொட்டை வைத்தார். அவர்கள் வரிசைக்குப் பெரியப்பா சொன்னார். இரண்டு வரிசையும் சமுக்காளத்தில் கீழே இறங்கி வந்தன. எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தோம். மாப்பிள்ளை மதிலைப் பார்க்கிறதை விட்டுவிட்டுக் கொட்டையைப் பார்த்தான்.

வைத்து முடித்தார். அவர்கள் வரிசையில் ஒரு கொட்டை கூடுதலாக நின்றது.

பேத்தி "ஆச்சி" என்று மூச்சு விட்டாள். அது என் காதுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

பெரியவரும் தலையைச் சொறிந்தார். "சித்தி முறையால்லா வருது..."

அதுவரைக்கும் பேசாமல் இருந்த மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்து சமுக்காளத்தின் ஓரத்தில் குந்தினாள். வரிசையில் ஒவ்வொரு கொட்டையாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். ஒன்றில் விரல் நின்றது.

"அத்தான், இவியளையும் இவியளையும் ரெண்டு படியா சொல்லிட்டீங்க. அவிய அண்ணன் தம்பில்லா. அண்ணனுக்குப் பிள்ளை இல்லாததால சொத்து தம்பிக்கு வந்துது. மாமியா சொல்லி நான் கேட்டிருக்கேன். ரெண்டு பேரும் ஒரே படிதான்."

பெரியப்பா உதட்டுக்குள் மறுபடி பெயர்களைச் சொல்லிப் பார்த்தார். மீசை அசைந்தது. வெகுநேரம் அசைந்தது. பிறகு அவரே கையை நீட்டி அந்தக் கொட்டையை எடுத்தார்.

வரிசைகள் நேராக நின்றன. கடைசியில் மாப்பிள்ளைக்கு ஒன்று, பேத்திக்கு ஒன்று, பக்கத்தில் பக்கத்தில்.

"மொறை மாப்பிள்ளைல்லாடா இவன்!" என்றார் பெரியவர். "பொண்ணுக்கு உரிமைக்காரன். அண்ணன்னு சொல்லிக் கெடுக்கப் பாத்தீங்களே!"

பெண்கள் பக்கத்தில் ஒரு குலவை எழுந்து பாதியில் நின்றது. ஏனென்றால் பெரியப்பா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கொட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்ல இனி அவரிடம் காரணம் இல்லை. ஆனால் காரணம் இல்லாமலும் ஆட்கள் வேண்டாம் என்று சொல்வார்கள், நான் பார்த்திருக்கிறேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, என் மகனைப் பார்க்கவில்லை. நேரே என் பேத்தியைப் பார்த்தார்.

"மருமகளே, தொண்டை வறண்டுட்டு. ஒரு செம்புத் தண்ணி கொண்டா."

பேத்தி எழுந்தாள். குழாயடிக்குப் போனவள் நாலு எட்டில் நின்று திரும்பினாள். இத்தனை நாளும் வாயைத் திறக்காத பிள்ளைக்கு அப்போது எங்கிருந்து வந்ததோ அந்த வாய்!

"பச்சைத் தண்ணியா மாமா, வெந்நியா? எங்களை இம்புட்டு நாளா வேக வச்சீகளே, அந்தச் சூடு அப்படியேதான் இருக்கு."

சமுக்காளமே சிரித்தது. நாத்தனார், "என் தம்பி மூக்கு மட்டும் இல்லட்டி, வாய் என் வாய்!" என்று தொடையில் தட்டினாள். பெரியப்பா செம்பை வாங்கி அண்ணாந்து, ஒரு சொட்டு மீதம் வைக்காமல் குடித்தார். அவர் தொண்டையில் தண்ணீர் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். செம்பை அவர் கீழே வைத்த பிறகுதான் நான் குலவை போட்டேன். போட்டேன் என்றா சொன்னேன்? நிறுத்த முடியவில்லை.